பேனா எங்கே நின்றது? கால்வாய்ச் சித்திரம் ஒன்றைப் பார்க்கும் முறை

மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் எங்களுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அப்பா தொடங்கினார், இப்போது நான் நடத்துகிறேன். சாமி படம், கல்யாணப் படம், பள்ளிச் சான்றிதழ், பெரும்பாலும் இவைதான் வரும். எப்போதாவது ஒருவர் உருட்டிய காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். "தாத்தா பெட்டியில் இருந்தது, கறுப்பு மையில் ஏதோ ஊர்ப் படம். சட்டம் போடுகிற அளவுக்கு மதிப்பு உண்டா?" என்று கேட்பார். விரித்தால் பழைய தெரு, துறைமுகம், அல்லது கல்சுவருக்கு நடுவே ஓடும் ஓடை. வண்ணம் இல்லை என்பதால் ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. காகிதத்தை மேசையில் விரித்து வைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக என் பெரியப்பா வரைந்த படம் ஒன்றை வைத்துக்கொள்கிறேன். அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். படத்தில் இருப்பது எங்கள் ஊர் நடுவே வரும் லெ பூஸ் ஓடை. லெ பூஸ் என்றால் கட்டைவிரல். ஊருக்குப் பின்னால் 812 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த மலையின் உச்சி, மடக்கிய கையிலிருந்து கட்டைவிரலை நிமிர்த்தியது போல இருக்கும். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் ஊருக்குள் வந்ததும் இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே அடங்கிக் கால்வாயாகித் துறைமுகத்துக்குப் போகிறது. பெரியப்பா ஒரு பாலத்தின் மேல் நின்று மலைப்பக்கம் பார்த்து வரைந்திருக்கிறார். காகிதம் ஒரு பள்ளிக்கூட வரைபட நோட்டு அளவுதான்.

முதல் வேலை, படத்தைக் கண்ணாடியிலிருந்து வெளியே எடுப்பது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வரை பாதி படம்தான் தெரியும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையில் படுக்கவையுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது, பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். ஜன்னல் வசதியாக இல்லையென்றால் டார்ச் விளக்கைக் காகிதத்தின் ஓரத்தில் படுக்கவைத்தாற்போலப் பிடியுங்கள். காகிதத்தின் மேடுபள்ளம், பென்சிலால் போட்டு அழித்த பள்ளக் கோடு, மை உலர்ந்த விதம் எல்லாம் அப்போதுதான் எழுந்து வரும். ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடைக் கண்ணாடி கிடைத்தால் நல்லது.

பூதக்கண்ணாடியில் பார்த்ததும், அது கையால் வரைந்ததா அச்சடித்ததா என்பது தெரிந்துவிடும். அச்சுப் படங்கள் பலவற்றில் சிறு புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். லேசர் நகலில் கோட்டின் இரு பக்கமும் கரித்தூள் சிதறியிருக்கும். கையால் வரைந்த கோட்டில் மை காகித நாரோடு போயிருக்கும். அச்சாக இருந்தாலும் ரசிக்கலாம், ஆனால் இனி நான் சொல்லப்போவதில் பாதி அதற்குப் பொருந்தாது.

அடுத்து மை. இது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பழைய ஐரோப்பியச் சித்திரங்களில் பல இன்று பழுப்பாக இருக்கின்றன. பழுப்பு மையில்தான் வரைந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது உண்மையில்லை. அவர்களிடம் இருந்த ஒரு மை, நம் பாட்டிமார்களின் மருந்துப் பெட்டியில் இருந்த சரக்கிலேயே செய்வது. மாசிக்காயை ஊறவைத்த தண்ணீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து, வேலம்பிசின் கலந்தால் அந்த மை வந்துவிடும். எழுதியதும் வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். நூறு, இருநூறு வருடம் ஆனால் பழுத்துவிடும். அதிலுள்ள அமிலம் சில இடங்களில் காகிதத்தையே அரித்து, கோடு இருந்த இடத்தில் பிளவு விட்டுவிடும். கணவாய் மீனின் பையிலிருந்து எடுத்த மையும் உண்டு, விறகுப் புகைக் கரியில் செய்ததும் உண்டு. இவை பழுப்பாகவே பிறந்தவை. கறுப்பு மாறாதது விளக்குக்கரி மைதான். ஆங்கிலத்தில் அதை இந்தியன் இங்க் என்கிறார்கள், பிரெஞ்சில் சீன மை என்கிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு மொழியும் புழங்குவதால் கடைக்காரரிடம் இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். இப்போது புட்டியில் வரும் அந்த மையில் அரக்கு சேர்ந்திருப்பதால் உலர்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது, சாய்வு வெளிச்சத்தில் மெல்லிய பளபளப்பும் தெரியும். ஊற்றுப்பேனா மை அப்படி இல்லை. சாயம்தான் அது, காகிதத்துக்குள் ஊறி மங்கலாக இருக்கும். இந்தப் பளபளப்பு, மங்கல் வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, கோட்டுக்கு வருவோம். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது பெரியப்பாவின் படத்தைக் கடையில் மாட்டியிருந்தார் அப்பா. வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசினாலும் அப்பா என்னிடம் மட்டும் விடாமல் தமிழில் பேசுவார். அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "பேனா எங்கே நின்றது, கண்டுபிடி அம்மா" என்றார். மை தோய்த்து எழுதுகிற பேனாவில் நிப்பு கொஞ்சம் மைதான் ஏந்தும். தோய்த்தவுடன் போடும் கோடு தடித்துக் கறுப்பாக இருக்கும். போகப் போக மெலியும். கடைசியில் நிப்பின் இரண்டு நுனியும் பிரிந்து, நடுவில் மை இல்லாமல் தண்டவாளம் போல இரட்டைக் கோடு விழும். அப்புறம் திடீரென்று மறுபடி கறுப்பு. அந்தக் கறுப்பு தொடங்கும் இடம்தான் வரைந்தவர் கையை எடுத்து, மைப்புட்டிக்குப் போய்த் திரும்பி வந்த இடம்.

இதை நீங்களும் செய்யுங்கள். விரலைக் காகிதத்தில் படாமல் ஒரு அங்குலம் மேலே வைத்துக்கொண்டு, கோட்டின் மேலேயே போங்கள். கறுப்பிலிருந்து மெலிவு வரை ஒரு தோய்ப்பு. பெரியப்பாவின் இடப்பக்கச் சுவரில் ஒரு தோய்ப்புக்கு ஏழெட்டுக் கற்கள் வருகின்றன. மூன்றாவது தோய்ப்பில் அவர் கை சூடுபிடித்துவிட்டது, கற்கள் வேகமாக வருகின்றன, மூலைகள் மழுங்குகின்றன. வலப்பக்கச் சுவரில் ஒரே ஒரு கல்லுக்கு முழுத் தோய்ப்பையும் செலவழித்திருக்கிறார். அங்கே ஏதோ அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கல்லில் சின்னச் சின்ன வட்டங்கள். இந்தத் தீவே எரிமலைக் குழம்பு இறுகிய தரை. எங்கள் கருங்கல்லில் ஆப்பத்தின் நடுவே இருப்பது போலக் கண் கண்ணாகத் துளை இருக்கும். 1735-இல் இங்கே பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்கள் கொத்தியதும் இதே வகைக் கல்தான். பெரியப்பா அந்தத் துளைகளில் ஒரு இருபதை ஒவ்வொன்றாகச் சுழித்திருக்கிறார். மற்ற கற்களில் வெறும் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். ஒரு கல்லை முழுதாகக் காட்டினால் போதும், மிச்சத்தை நம் கண் நிரப்பிக்கொள்கிறது.

எந்தக் கோடு முந்தியது என்பதையும் படிக்கலாம். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைப் பாருங்கள். முதல் கோடு ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது குறுக்கே போயிருந்தால் அங்கே மை பொசிந்து ஒரு முடிச்சு விழும். உலர்ந்தபின் போயிருந்தால் சுத்தமாக வெட்டும். எங்கள் படத்தில் தண்ணீர்க் கோடுகள் சுவரின் அடிக்கோட்டைச் சுத்தமாக வெட்டுகின்றன. ஆக, சுவர்களை முடித்து, உலரவிட்டு, கடைசியாகத்தான் தண்ணீருக்கு வந்திருக்கிறார்.

நிழலுக்குப் போட்ட சரிவுக் கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்றும் கவனியுங்கள். வலக்கைக்காரருக்கு மேல்வலத்திலிருந்து கீழிடத்துக்கு இழுப்பதுதான் இயல்பு. இடக்கைக்காரருக்கு அது மாறி வரும். லியோனார்டோ டாவின்சியின் சித்திரங்களை அடையாளம் காண உதவுவதில் இந்த இடக்கைச் சாய்வும் ஒன்று. பெரியப்பாவின் கோடுகளும் அப்படியே, மேலிடத்திலிருந்து கீழ்வலத்துக்கு. அவர் வலக்கையால் சாப்பிட்டார், வலக்கையால் எழுதினார். பன்னிரண்டு வயதில் இந்தச் சாய்வைக் கண்டுபிடித்து அப்பாவிடம் கேட்டேன். சிறு வயதில் இடக்கையால் எழுதியதற்குப் பள்ளியில் அடி வாங்கினாராம், வீட்டிலும் திட்டினார்களாம். எழுத்தை வலக்கைக்கு மாற்றிக்கொண்டவர், தனக்காக வரையும்போது மட்டும் இடக்கைக்குத் திரும்பியிருக்கிறார். அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

இனி தண்ணீர். கால்வாய்ப் படத்தின் கஷ்டமெல்லாம் இங்கேதான்.

முதலில், தண்ணீர் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். பழகாத கையில் அது சுவர் போல எழுந்து நிற்கும். அலைக்கோடுகள் நமக்குப் பக்கத்தில் இடைவெளி விட்டும், தூரம் போகப் போக நெருங்கியும் இருந்தால்தான் அது தரையோடு படியும். இரு கரையிலும் தண்ணீர் சுவரைத் தொடும் மட்டம் ஒன்றாக இருக்கவும் வேண்டும்.

அப்புறம் பிம்பம். தமிழில் பிம்பத்தையும் வெயிலில் விழுவதையும் சேர்த்து நிழல் என்றே சொல்லிவிடுகிறோம். படம் பார்க்கும்போது இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு விதிப்படி நடக்கின்றன. தண்ணீருக்குள் தெரிவது, மேலே இருப்பதைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டியது அல்ல. பெரியப்பாவின் படத்தில் தூரத்தில் ஒரு பலகைப் பாலம் இருக்கிறது. மேலே பார்த்தால் நடைபலகை தெரிகிறது. தண்ணீருக்குள் பார்த்தால் நடைபலகை இல்லை, அதைத் தாங்கும் அடிக்கட்டைகள் தெரிகின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் பாலத்தைக் கீழிருந்து பார்க்கிறது. வீட்டில் உட்கார்ந்து யூகத்தில் வரைந்தவர் இதில் மாட்டிக்கொள்வார். ஓடையோரம் ஒரு கம்பம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதன் பிம்பமும் இடப்பக்கமே சாய வேண்டும், மாறிச் சாய்ந்தால் தப்பு. கறுத்த பொருளின் பிம்பம் சற்று வெளிறியும், வெளுத்த பொருளின் பிம்பம் சற்றுக் கறுத்தும் இருக்கும். அதனால் சுவருக்குப் போட்ட கோடுகளைவிட அதன் பிம்பத்துக்குப் போட்ட கோடுகள் அடர்த்தி குறைந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

வெயில் நிழலின் விதி இன்னொன்று. தெளிந்த தண்ணீரின் மேல் நிழல் அவ்வளவாக நிற்காது, கலங்கிய தண்ணீரில்தான் நன்றாக விழும். பெரியப்பாவின் படத்தில் சுவரின் நிழல் ஓடையின் குறுக்கே கறுப்பாக விழுந்திருக்கிறது. அப்படியானால் அன்று தண்ணீர் கலங்கல். மலையில் மழை பெய்திருக்க வேண்டும். சுவரிலும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வரை கற்கள் கறுத்திருக்கின்றன. மழைத்தண்ணீர் அந்த உயரம் வரை ஏறி, வடிந்துகொண்டிருக்கும் நேரம். நிழல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்தால் பொழுதும் தெரியும். துறைமுகப் பக்கமிருந்து மலையைப் பார்த்தால் கிழக்கு நமக்கு இடப்பக்கம் வரும். இடப்பக்கச் சுவரின் முகம் இருண்டிருப்பதால் இது காலை. மழை ஓய்ந்த ஒரு காலையில், பெரியப்பா வேலைக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்றிருக்கிறார். இவ்வளவும் வெறும் கறுப்புக் கோடுகளில் இருக்கிறது.

உங்கள் படம் எந்த ஊர்க் கால்வாய் என்று தெரிந்தால், அங்கே போய் நின்று பாருங்கள். போக முடியாவிட்டால் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். வரைந்தவர் எதை விட்டுவிட்டார் என்பது அப்போதுதான் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கால்வாய்க் கரையில் மொந்தெல்பான் கோபுரம் இருக்கிறது. 1606-இல் அதன் தலையில் அலங்காரமான ஊசிக்கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1640-களில் பேனாவும் பழுப்பு மையுமாக அதை வரைந்தபோது அந்த ஊசிக்கோபுரத்தை வரையவே இல்லை. அது இருந்தது, அவர் கண் முன்னால் இருந்தது. அடியில் இருக்கும் பழைய கனத்த கோபுரம் மட்டும் அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. வெனிஸ் கால்வாய்களை வரைந்த கனலெட்டோ வேறு மாதிரி. அவர் அளவுகோலும் ஊசிக்குத்தும் வைத்துக் கட்டடங்களை நிறுத்திவிட்டு, படகுக்கும் ஆளுக்கும் வரும்போது கையை விட்டுவிடுவார். அவர் வரைந்தவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை 1762-இல் பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜ் வாங்கினார், அவை இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனையில் இருக்கின்றன. இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். நேர்க்கோடு எங்கே முடிந்து கைக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. அளவுகோல் வைத்தே பிழைத்த என் பெரியப்பா, இந்தப் படத்தில் ஒரு கோட்டுக்குக்கூட அதைத் தொடவில்லை.

கண்ணாடியிலிருந்து எடுக்கச் சொன்னேனே, அதன் காரணத்தை 2013-இல்தான் கற்றேன். அந்த வருடம் மார்ச் 30, சனிக்கிழமை. கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் எங்கள் ஊர் நடுவே வெள்ளம் புகுந்தது. 11 பேர் இறந்தார்கள். எங்கள் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எங்களுக்குப் போனது காகிதமும் மரச்சட்டமும்தான், அதை இழப்பு என்று சொல்லவே அன்று வாய் வரவில்லை. பெரியப்பாவின் படம் தாழ்வாக மாட்டியிருந்ததால் முழுக்க நனைந்துவிட்டது. காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதற்குள் பிரித்தெடுத்து, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, மாற்றி மாற்றி உலர்த்தினேன்.

சுவர், மலை, தண்ணீர் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் மூன்று இடங்களில் கோடுகள் கரைந்து, நீலமும் ஊதாவுமாக ஒரு மேகம் பரவியிருந்தது. மேலே கம்பிகள் போன இடம், துணி துவைக்கும் பெண் இருந்த கரை, பலகைப் பாலத்தின் நடுவே ஓர் ஆள் நின்ற இடம். அத்தனை வருடமும் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உட்காரலில் வரைந்தது என்று நம்பியிருந்தேன். ஊற்றுப்பேனாவின் கறுப்பு மை பல சாயங்களின் கலவை, நனைந்தால் அவை பிரிந்துவிடும். ஆக, அந்த மூன்றையும் அவர் பாலத்தில் நின்றபடி சட்டைப்பைப் பேனாவால் பிடித்திருக்கிறார். நிற்காமல் போய்விடக்கூடியவற்றை முதலில். கல்லையும் தண்ணீரையும் வீட்டுக்கு வந்து நிப்பைத் தோய்த்து, பொறுமையாக.

நனைவதற்கு முன்பே இது எனக்குத் தெரிந்திருக்கலாம். கரைந்த கோடுகள் மங்கலானவை, நின்ற கோடுகள் பளபளப்பவை. சாய்வு வெளிச்சத்தில் ஒரு முறை படுக்கவைத்திருந்தால் போதும். சிறு வயது முதல் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துப் பழகியதால் தோன்றவில்லை. பாலத்தின் நடுவே நின்றிருந்த ஆளைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. தலையில் மூட்டை வைத்த பெண் என்கிறார் அத்தை. குடை பிடித்த ஆள் என்பது என் நினைவு.

திரும்ப மாட்டும்போது சிலவற்றைப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், ஊற்றுப்பேனா மை இருந்தால் வெயிலில் வெளிறிவிடும். கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது, நடுவே அமிலம் இல்லாத கனத்த அட்டையில் விளிம்பு வையுங்கள். குளியலறைச் சுவருக்கு மறுபக்கமும் கூடாது. பின்பலகையைப் பசை நாடாவால் மூடி முடித்துவிடாமல், திருகாணி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், எளிதாகக் கழற்றலாம். கண் மட்டத்தில் மாட்டுங்கள்.

ஆடி மாதம் எங்களுக்குக் குளிர்காலம், காற்றில் ஈரம் குறைவு. அப்போது வருடத்துக்கு ஒரு முறை பெரியப்பாவின் படத்தைக் கழற்றுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலிலிருந்து வெளிச்சம் சாய்ந்து மேசைக்கு வரும். போன தடவை என் அண்ணன் மகன் கூட இருந்தான். இடப்பக்கச் சுவரில் அவன் 41 தோய்ப்பு எண்ணினான், நான் 38. அந்த மூன்று எங்கே என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மேசையைவிட்டுப் போய்விட்டது. இந்த ஆடிக்கு அவன் சொந்தமாகப் பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறான்.